அடையாளம் களவு போனால் ஆற்ற வேண்டியவை

திருட்டு என்றதும் நம் தோட்ட மக்களின் நினைவுக்கு முதலில் வருபவை, கொல்லையில் பழுத்த வாழைத்தார், கூட்டில் அடைத்த கோழி, லயத்து வாசலில் சாத்தி வைத்த சைக்கிள், பெட்டியில் பூட்டி வைத்த நகை ஆகியவையே. இவற்றுள் எது களவு போனாலும், வைத்த இடம் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு அன்றே அறிந்துகொள்கிறோம். ஆனால் பொருள் வைத்த இடத்திலேயே இருக்க, உரியவர் அறியாமலேயே நடந்தேறும் திருட்டு ஒன்றும் உண்டு. ஒருவருடைய பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு, 'நானே அவர்' என்று கூறி மற்றொருவர் கடன் வாங்குவதும், கைப்பேசி இணைப்புப் பெறுவதும், வங்கிக் கணக்கைக் கையாளுவதும் அத்தகைய திருட்டேயாகும். இதனையே அடையாளத் திருட்டு என்கிறோம்.

இத்திருட்டினால் நாம் இழக்கக்கூடியவை சிறியன அல்ல. விடியுமுன் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் மரம் வெட்டிச் சேர்த்த சேமிப்பு ஒரே நாளில் மறைந்து போகலாம். சொந்த வீடு வாங்கவோ பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பவோ வங்கியில் கடன் கேட்கும்போது, 'உங்கள் பெயரில் ஏற்கெனவே செலுத்தாத கடன் உள்ளது' என்ற பதில் வரலாம். யாரோ செய்த குற்றத்திற்காகப் போலீசார் நம் வீட்டுக் கதவைத் தட்டவும் கூடும். எவரிடமும் கடன்படாமல் வாழ்ந்தவரின் நற்பெயருக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. எனினும், முறையறிந்து விரைந்து செயல்படுவோருக்கு இக்கேட்டிலிருந்து மீளும் வழி உண்டு. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்டு வேறு, எண் வேறு

நம் நாட்டில் அடையாளக் கார்டு வழங்கும் முறை, அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்ட 1948ஆம் ஆண்டில் தொடங்கியது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அப்பொழுது பதிவு செய்யப்பட்டனர். பின்னர் 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் இதனை நிலைப்படுத்தியது. காகிதக் கார்டு பிளாஸ்டிக் உறையிட்ட கார்டாகி, 2001ஆம் ஆண்டு முதல் மின் சில்லு பொருத்திய மைகார்டாக மாறியது. அந்தச் சில்லில் நம் இரு கட்டைவிரல் ரேகைகளின் பதிவும் அடங்கியுள்ளது.

கார்டிலுள்ள எண் 12 இலக்கங்களைக் கொண்டது. முதல் ஆறு இலக்கங்கள் நாம் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும். 05 என்றால் நெகிரி செம்பிலான். 08 என்றால் பேராக். 10 என்றால் சிலாங்கூர். இறுதி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படையாகவும் பெண்களுக்கு இரட்டைப்படையாகவும் அமையும்.

இங்கு நாம் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கார்டு தொலைந்தால் புதுக் கார்டு கிடைக்கும். ஆனால் எண் மாறாது. பிறந்தது முதல் இறுதி வரை அந்த ஓர் எண்ணே நம்முடையது. வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றிவிடலாம். அடையாளக் கார்டு விஷயத்தில் அவ்வாறு மாற்றுவதற்கு வழியில்லை. ஆதலின், புதுக் கார்டு கைக்கு வந்துவிட்டதே என்று எண்ணி இருந்துவிடலாகாது. பழைய கார்டோ அதன் நகலோ தீயவர் கையில் இருக்கும் வரை அபாயமும் இருக்கவே செய்யும்.

களவு போகும் வழிகள்

பணப்பை தொலைவதும் பறிக்கப்படுவதும் யாவரும் அறிந்த வழிகள். நாம் அறியாமலே நம் விவரங்கள் பறிபோகும் வழிகளும் பல உள்ளன.

ஒன்று, நகல். தவணைக்குப் பொருள் வாங்கும்போதும், வேலைக்கு மனுச் செய்யும்போதும், உதவித்தொகை பெற்றுத் தருவதாக ஒருவர் கூறும்போதும் நாம் கார்டின் நகலைக் கொடுக்கிறோம். அந்நகல் பிறகு யார் கைக்குப் போகிறது என்பதை நாம் கேட்பதில்லை.

இரண்டு, கார்டையே ஒப்படைத்தல். காவல் கூண்டில் வாங்கி வைப்பவரும், கடைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைப்பவரும் உண்டு. தக்க அதிகாரமின்றிப் பிறருடைய அடையாளக் கார்டை வைத்திருப்பதே சட்டப்படி குற்றமாகும். 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகளின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கார்டைப் பிடித்து வைக்கும் உரிமை கட்டடக் காவலருக்கோ கடைக்காரருக்கோ வட்டிக்காரருக்கோ இல்லை.

மூன்று, தொலைபேசி. 'போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம்', 'பேங்க் நெகாராவிலிருந்து பேசுகிறோம்' என்று மிரட்டியோ, 'உங்களுக்கு உதவித்தொகை வந்துள்ளது' என்று ஆசை காட்டியோ கார்டு எண்ணையும் வங்கியின் இரகசிய எண்ணையும் கேட்டு வாங்கிவிடுகின்றனர். கார்டைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பச் சொல்வதும் உண்டு.

நான்கு, கைரேகை. விவரம் அறியாத முதியோரைக் கடைக்கு அழைத்துச் சென்று, ஏதோ ஒரு காரணம் கூறி, சிறு கருவியின் மேல் கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். அந்த ஒரு ரேகை, கையொப்பத்திற்கு நிகராக ஓர் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்திவிடக் கூடும். எதற்கு வைக்கிறோம் என்பதை அறியாமல் விரலை வைக்கலாகாது.

அறிகுறிகள் யாவை?

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டுக் கடிதம் வருதல். அறியாத கைப்பேசி இணைப்புக்குக் கட்டணச் சீட்டு வருதல். நாம் செய்யாத பணப் பரிமாற்றம் குறித்து வங்கியிலிருந்து செய்தி வருதல். நாம் கேட்காமலே இரகசிய எண் கைப்பேசிக்கு வருதல். நல்ல நிலையிலிருந்த கைப்பேசியில் திடீரென இணைப்பு அற்றுப் போதல். முன்பின் தெரியாத வாகனத்திற்குச் சம்மன் வருதல். இவற்றுள் எது நேர்ந்தாலும், 'தவறி வந்திருக்கும்' என்று கடிதத்தைக் கூரையில் செருகி வைப்பது பெருந்தவறு.

கைப்பேசி இணைப்பு திடீரென அறுவது பலரும் கவனியாத அறிகுறி. நம் எண்ணை வேறொருவர் தம் சிம் கார்டுக்கு மாற்றிக்கொண்டால், நமக்கு வர வேண்டிய இரகசிய எண்கள் அவருக்குச் சென்றுவிடும். பக்கத்து வீட்டாரின் கைப்பேசிக்கு இணைப்பு இருந்து நமக்கு மட்டும் இல்லையெனில், அன்றே தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டறிய வேண்டும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

முதலாவது, வங்கி. ஏ.டி.எம். கார்டும் சேர்ந்து தொலைந்திருந்தாலோ, கணக்கிலிருந்து பணம் போயிருந்தாலோ, வேறெதற்கும் முன்பாக வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வங்கிகளின் செயலிகளில் கணக்கை நாமே உடனடியாக முடக்கும் வசதியும் உள்ளது. வங்கியின் தொலைபேசி எண் ஏ.டி.எம். கார்டின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும். கார்டு தொலைந்தால் அந்த எண்ணும் தொலைந்துவிடும். ஆகவே அதனை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் நலம்.

இணைய மோசடியால் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இது 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை வங்கிகளோடு சேர்ந்து இம்மையத்தில் செயலாற்றுகின்றன. களவுபோன பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மணிக்கணக்கில் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனை நடுவழியில் தடுத்து நிறுத்த முயல்வதே மையத்தின் பணி. அதனால்தான் வேலை முடிந்து மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாகாது. பால் எடுக்கும் நேரமாயினும் கங்காணியிடம் சொல்லிவிட்டு உடனே அழையுங்கள்.

இரண்டாவது, போலீஸ் புகார். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். சம்பவம் நடந்த இடத்திற்கே போக வேண்டுமென்பதில்லை. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. 'மலாய் எழுத வராதே' என்று தயங்க வேண்டுவதுமில்லை. வாய்மொழியாகக் கூறும் புகாரை எழுத்தில் பதிந்து, கூறியவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு கூறுகிறது. மலாய் நன்கறிந்த மகனையோ மகளையோ உடனழைத்துச் சென்று, வாசிப்பதைக் கவனமாகக் கேட்டு, பிழையிருந்தால் திருத்தச் சொல்லி, அதன் பிறகே கையொப்பமிடுங்கள். புகாரின் நகலை வாங்காமல் திரும்பலாகாது.

புகாரில் அடங்க வேண்டியவை: உங்கள் பெயர், கார்டு எண், முகவரி, கார்டைக் கடைசியாக எப்போது, எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வாறு காணாமற்போனது, அதனோடு வேறு எவையெவை போயின, உங்கள் பெயரில் எவரேனும் கடனோ இணைப்போ பெற்றிருப்பது தெரிந்தால் அந்த நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி. 'இதனை நான் வாங்கவில்லை, வாங்க எவருக்கும் அனுமதி தரவுமில்லை' என்ற வாக்கியம் புகாரில் தெளிவாக இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, தேசியப் பதிவு இலாகா. கார்டு தொலைந்ததை இலாகாவிடம் தெரிவித்து மாற்றுக் கார்டுக்கு மனுச் செய்யுங்கள். கவனக்குறைவால் தொலைத்தவர் தண்டக் கட்டணம் செலுத்த வேண்டும். மீண்டும் தொலைத்தால் அது கூடும். திருட்டு, வழிப்பறி போன்ற குற்றத்தால் இழந்தவர் போலீஸ் புகாரைக் காட்டி அக்கட்டணத்திலிருந்து விலக்குக் கோரலாம். புதுக் கார்டு உடனே கிடைக்காவிடில், இலாகா தரும் தற்காலிகத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அரசின் உதவிகளும் இன்று மைகார்டு வழியே வருகின்றன. 2025ஆம் ஆண்டில் 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு அளிக்கப்பட்ட 100 ரிங்கிட் உதவியும் மைகார்டிலேயே சேர்க்கப்பட்டு, கடைகளில் அத்தியாவசியப் பொருள் வாங்கப் பயன்பட்டது. ஆகவே மாற்றுக் கார்டு பெறுவதில் தாமதம் கூடாது.

நான்காவது, தொலைபேசி நிறுவனம். முன்கட்டண இணைப்புகளும் நம் நாட்டில் உரியவரின் பெயரிலும் கார்டு எண்ணிலும் பதியப்படுகின்றன. நம் எண்ணில் எத்தனை இணைப்புகள் பதிவாகியுள்ளன என்பதை ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டறியலாம். நம்முடையதல்லாத இணைப்பு இருப்பின் அதனை இரத்துச் செய்யச் சொல்லி, செய்ததற்கு எழுத்துச் சான்று பெறுங்கள். மோசடிக்காரர்கள் பலரை ஏமாற்ற இத்தகைய இணைப்புகளைப் பயன்படுத்துவதால், இதனை அற்ப விஷயமாகக் கருதலாகாது. நிறுவனம் செவிசாய்க்காவிடில் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம்.

புகாரின் தேதி ஏன் முக்கியம்?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பால்வெட்டுத் தொழிலாளர் இருவர் ஒரே நாளில், மார்ச் 3ஆம் தேதி, பட்டணத்துச் சந்தையில் பணப்பையைப் பறிகொடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அன்று மாலையே போலீசில் புகார் செய்து, மறுநாள் பதிவு இலாகாவுக்கும் செல்கிறார். மற்றவர், 'பையில் இருந்தது இருபது வெள்ளிதானே, அதற்காக ஒரு நாள் சம்பளத்தை விடுவதா?' என்று இருந்துவிடுகிறார். மார்ச் 20ஆம் தேதி இருவர் பெயரிலும் ஒரு கடையில் தவணைக்குப் பொருள் வாங்கப்படுகிறது. ஆகஸ்டு மாதம் இருவருக்கும் கடிதம் வருகிறது.

முதலாமவர் தம் புகாரின் நகலை நீட்டி, 'மார்ச் 3ஆம் தேதி முதல் கார்டு என்னிடம் இல்லை. மார்ச் 20ஆம் தேதி அதனைக் காட்டியவர் நானாக இருக்க இயலாது' என்று கூறலாம். புகாரிலுள்ள தேதியே அவருக்குச் சாட்சி. இரண்டாமவரும் உண்மையையே கூறுகிறார். ஆயினும், கடன் கேட்டுக் கடிதம் வந்த பிறகே அவர் அதனைக் கூறுவதால், கேட்பவர் ஐயுறுகிறார். அவருடைய வழக்கு தோற்றுவிட்டதாகப் பொருளில்லை. அன்று பிரட்டில் இருந்ததற்கான செக்ரோல் பதிவு, கடை ஒப்பந்தத்தில் உள்ள பொருந்தாத கையொப்பம் போன்றவற்றைக் கொண்டு அவரும் தம் பக்கத்தை நிலைநாட்டலாம். ஆனால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்க வேண்டிய காரியத்திற்கு அவர் பல நாள் அலைய நேரிடும்.

தொடரும் வாரங்களில்

நம் பெயரில் என்னென்ன கடன்கள் உள்ளன என்பதை அறியப் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் தகவல் முறை உதவும். வங்கிகள் முதலிய நிதி நிறுவனங்களில் நம் பெயரிலுள்ள கடன்கள், கடந்த 12 மாதங்களில் தவணை செலுத்திய விவரம், கடனுக்குச் செய்யப்பட்ட மனுக்கள் ஆகியவை அதில் காணப்படும். நம்முடைய அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். இணையம் வாயிலாகவும் பார்க்கலாம். விளக்கம் வேண்டுவோர் பேங்க் நெகாராவை 1-300-88-5465 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அறிக்கையில் நம்முடையதல்லாத கடன் காணப்பட்டால், அதனை அனுப்பிய வங்கியிடமே முதலில் முறையிட வேண்டும். தகவலைத் திருத்த வேண்டியவர் அதனைக் கொடுத்தவரே. முறையீட்டை எழுத்தில் கொடுங்கள்; போலீஸ் புகாரின் நகலை இணையுங்கள்; கடனுக்காக வங்கி பெற்ற மனு, கையொப்பம், கார்டு நகல் ஆகியவற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கார்டில் உள்ள படமோ முகவரியோ கையொப்பமோ உங்களுடையதல்ல என்று அங்கேயே தெரியவரலாம்.

வங்கி தரும் முடிவில் நிறைவு இல்லையெனில், நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையை நாடலாம். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் செயல்படும் இந்த அமைப்பு, முறையிடும் பொதுமக்களிடம் கட்டணம் பெறுவதில்லை. தவணைக் கடை, தொலைபேசி நிறுவனம் போன்றவற்றின் கடன் விவரங்கள் தனியார் கடன் தகவல் நிறுவனங்களிலும் பதிவாகக்கூடும். 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டம் அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமை நமக்கு உண்டு.

புகார் செய்து நான்கு வாரங்கள் கழிந்த பின்னர், விசாரணை எந்நிலையில் உள்ளது என்று போலீசாரிடம் கேட்கலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின், கேட்ட இரண்டு வாரத்திற்குள் நிலையறிக்கை தரப்பட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு கூறுகிறது. கேட்பது நம் உரிமை; பணிவோடும் எழுத்திலும் கேட்பது நலம்.

வட்டிக்காரர் வந்து மிரட்டினால்

'ஆலோங்' எனப்படும் வட்டி முதலைகள், கிடைத்த கார்டு நகலை வைத்துக்கொண்டு, 'நீ ஜாமீன் போட்டிருக்கிறாய்' என்று கூறி மிரட்டுவதுண்டு. கார்டு நகல் ஒருவர் கையில் இருப்பதால் மட்டும் நாம் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ ஆகிவிட மாட்டோம். 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்ற வட்டிக்காரர் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, கடன் பெறுபவர் கையொப்பமிட்டு, அதற்குரிய சாட்சியம் பெற்றுக் கடன் தர வேண்டும். வட்டியும் ஆண்டுக்கு, ஈடு உள்ள கடனுக்கு 12 விழுக்காட்டையும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது.

ஆகவே மிரட்டலுக்கு அஞ்சி, 'பீடை ஒழியட்டும்' என்று ஒரு தவணையும் செலுத்தாதீர்கள். செலுத்தினால், கடனை ஒப்புக்கொண்டதாகவே அவர்கள் பேசுவார்கள். வந்தவரின் வாகன எண், தொலைபேசி எண், வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999 எண்ணை அழையுங்கள்.

நீதிமன்றக் கடிதத்தைப் புறக்கணிக்கலாகாது

கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்துவிட்டால், நீதிமன்ற அழைப்பாணை நம் கைக்கு வரும். 'நான்தான் வாங்கவில்லையே, எனக்கென்ன?' என்று இருந்துவிட்டால், நம் பக்கத்தைக் கேளாமலே நமக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்படலாம். தீபகற்ப மலேசியாவில் சாதாரண உரிமையியல் வழக்குகளில், அழைப்பாணை கிடைத்த 14 நாட்களுக்குள் வழக்கில் தோன்றுவதாகப் பதிவு செய்ய வேண்டும். நாட்கள் விரைந்து ஓடிவிடும். கடிதம் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி, அதனை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரையோ, வசதி குறைந்தோருக்கு உதவும் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவையோ அணுகுங்கள். தொழிற்சங்கக் கிளையினரும், தோட்ட அலுவலகக் கிராணியும், தோட்டப் பள்ளி ஆசிரியரும் கடிதத்தின் பொருளை விளக்கி உதவுவர். தெரியாததைக் கேட்பதில் இழுக்கில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இவ்வளவு காரியங்களையும் நினைவில் வைத்திருத்தல் எளிதன்று. செக்ரோலில் நம் வேலை நாட்கள் வரிசையாகப் பதியப்படுவது போல, இதற்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், யாரிடம் பேசினோம், அவர் என்ன கூறினார், புகார் எண் என்ன என்பவற்றை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். எழுத இயலாதோர் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதலாம். போலீஸ் புகார், வங்கிக் கடிதம், அஞ்சல் இரசீது எல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டு நோட்டுடன் சேர்த்து வையுங்கள். மூலத்தைக் கொடுக்காமல் நகலையே கொடுங்கள். ஈராண்டு கழித்து மறுபடியும் அதே கடனைக் கேட்டு ஒருவர் வந்தாலும், அந்த உறை உங்களுக்குத் துணை நிற்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் கடன் அறிக்கை, கைப்பேசி இணைப்புகள், ஊழியர் சேமநிதிக் கணக்கு ஆகிய மூன்றையும் சரிபார்த்தல் வேண்டும். எண் மாறாதது என்பதால் விழிப்பும் ஓயலாகாது.

இரவல் கொடுப்பது திருட்டாகாது

சிலர் தாமாகவே தம் கார்டை நண்பருக்குக் கொடுத்து, அவருக்காகக் கைப்பேசி இணைப்பு வாங்கித் தருகின்றனர். வேறு சிலர் சில நூறு ரிங்கிட்டுக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் அந்நியரிடம் ஒப்படைக்கின்றனர். மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே பாய்ந்த பிறகு, 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று கூறுவது எளிதில் எடுபடாது. இத்தகைய கணக்கு இரவலைத் தனிக் குற்றமாக்கும் வகையில் 2024ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. நம் இளைஞர்களுக்குப் பெற்றோர் இதனை எடுத்துரைக்க வேண்டும். பணம் வாங்காமல், நட்புக்காகக் கொடுத்தேன் என்பதும் தப்பிக்கும் வழியாகாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர், மறைத்து வைக்காமல் இன்றே வங்கிக்கும் போலீசுக்கும் தெரிவித்துக் கணக்கை முடக்குவதே நன்று.

வருமுன் காத்தல்

கார்டு நகல் கொடுக்க நேரும்போது, அதன் குறுக்கே இரு கோடுகளிட்டு, எந்த அலுவலுக்காக, எந்த நிறுவனத்திற்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதை மலாய் மொழியில் எழுதிக் கொடுங்கள். அந்நகலை வேறு காரியத்திற்குப் பயன்படுத்துவது அதனால் கடினமாகும். கார்டையும் ஏ.டி.எம். இரகசிய எண் எழுதிய சீட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். போலீசாரோ வங்கியோ தொலைபேசியில் இரகசிய எண்ணைக் கேட்பதில்லை. கேட்பவர் எவராயினும் மோசடிக்காரரே. முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அந்தக் கணக்கு எண் மீது புகார் உள்ளதா என்பதைப் போலீசாரின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. ஏமாந்ததை வெளியில் சொன்னால் ஊர் நகைக்குமே என்று அஞ்சிப் பலர் வாய்மூடி இருந்துவிடுகின்றனர். அந்த மௌனமே திருடனுக்குப் பெருந்துணை. களவு கொடுத்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. களவு செய்தவரே வெட்கப்பட வேண்டும். நமக்கு நேர்ந்ததைப் பிரட்டிலும், கோயில் கூட்டத்திலும், லயத்துத் திண்ணையிலும் மற்றவர்க்கு எடுத்துக் கூறினால், அதே வலையில் அடுத்த வீட்டார் விழாமல் தப்புவர். முதிய பெற்றோருக்கு வந்த கடிதங்களைப் படித்த பிள்ளைகள் வாரம் ஒரு முறை பிரித்துப் பார்த்துச் சொல்வதும் பேருதவியாகும். நம் பெயர் நம் பெற்றோர் நமக்குத் தந்த செல்வம். அதனைக் காப்பதும், களவு போனால் மீட்பதும் நம் கையிலேயே உள்ளது.